கோயில் காடியும் காணாமப் போன அஞ்சு லிட்டர் பெட்ரோலும்

 

நம்ம கோயில் சேவைக் காடியைப் பத்தி 2024 ஆடி மாசத்துல ஒரு பேச்சு ஓடுச்சு. குரூப்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும். பாதிக் கதை மட்டும் தெரிஞ்சவங்க இன்னும் இருக்காங்க. போன வாரம் வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த ஒருத்தர் என்கிட்டயே கேட்டார், "அந்தப் பெட்ரோல் விஷயம் கடைசில யாரு எடுத்தது?" அப்படின்னு. யாரும் எடுக்கல. அதை முழுசா எழுதி வைக்கணும்னு அப்பதான் தோணுச்சு. பதிவு நீளம், பொறுமையா படிங்க. வீட்டுல ஹைப்ரிட் காடி வெச்சிருக்கிறவங்களுக்கு இதுல உபயோகமான விஷயமும் இருக்கு.

முதல்ல தெரியாதவங்களுக்கு. நம்ம ஆலய சேவைக் குழுவுக்கு ஒரு உபயக்காரர் அவர் ஓட்டிக்கிட்டிருந்த ஹைப்ரிட் காடியை இனாமா குடுத்தார். 2011ல இருந்து 2013 கடைசி வரைக்கும் நம்ம நாட்டுல ஹைப்ரிட் காடிக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் விலக்கு இருந்துச்சு. அந்த நேரத்துல நிறைய பேர் வாங்குனாங்க. அப்படி வாங்குன காடிதான் இதுவும். எந்தக் கம்பெனி காடின்னு எழுத மாட்டேன். விளம்பரமும் வேண்டாம், குறை சொன்ன மாதிரியும் வேண்டாம்.

இந்தக் காடியோட வேலை ஒன்னுதான். மாசாய் பக்கத்துல இருக்கிற மூணு பேரை திங்கள், புதன், வெள்ளி ஜொகூர் பாருவுல இருக்கிற டயாலிசிஸ் மையத்துக்குக் கூட்டிட்டுப் போறது, திரும்பக் கூட்டிட்டு வர்றது. டயாலிசிஸ்னா வாரத்துக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். ஒரு தடவை தவறினாலும் உடம்புல தண்ணி சேர்ந்துக்கும், மூச்சு வாங்கும். பிள்ளைங்க சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவங்க, விடியக்காலை நாலு மணிக்கே பாலம் கடக்கக் கிளம்பிடுவாங்க. கிரேப் எடுத்தா போக வர எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க, மாசத்துக்குப் பன்னெண்டு நாள். அதனாலதான் இந்தச் சேவை.

நாலு பேர் முறை வெச்சு ஓட்டுறோம். பெட்ரோல் காசு மாசா மாசம் அன்பர்கள் குடுக்கிற காணிக்கையிலிருந்து. கணக்குப் புத்தகம் என் பொறுப்பு. நான் பெருசா படிச்சவன் இல்ல, எஸ்.பி.எம். வரைக்கும்தான். பாசீர் கூடாங்ல ஒரு ஃபேக்டரியில முப்பது வருஷத்துக்கு மேல, இப்ப சூப்பர்வைசர். எழுதி வைக்கிறது அங்க வந்த பழக்கம். காடியில ஒரு 555 நோட்டுப் புத்தகம் எப்பவும் இருக்கும். ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் மீட்டர் எண், எத்தனை லிட்டர், எவ்வளவு வெள்ளி, டேஷ்போர்ட் காட்டுற சராசரி, இந்த நாலும் எழுதணும். ஓட்டுற நாலு பேரும் எழுதுவாங்க.

வாரத்துக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் ஓடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே ஸ்டேஷன்ல, ஒரே பம்புல, முதல் 'டக்' சத்தம் வர்ற வரைக்கும் நிரப்புவோம். அப்ப ரோன் 95 லிட்டர் 2 வெள்ளி 5 காசு. வாரத்துக்கு 15 லிட்டர், ஏறக்குறைய 31 வெள்ளி. லிட்டருக்கு 20 கிலோமீட்டர். மாசக் கணக்குல இது ஆடாம அசையாம வந்துக்கிட்டிருந்துச்சு.

2024 ஜூலை 27, சனிக்கிழமை. காடியை வழக்கமான சர்வீசுக்கு விட்டோம். பட்டறை பேரு வேண்டாம், அவங்க நமக்கு நல்லது செஞ்சவங்கதான், பின்னாடி சொல்றேன். இஞ்சின் எண்ணெய் மாத்துனாங்க, எண்ணெய் ஃபில்டர், ஏர் ஃபில்டர், சின்ன பேட்டரி புதுசு, டயர் முன்ன பின்ன மாத்திப் போட்டாங்க, பின்னாடி பிரேக் சுத்தம் பண்ணுனாங்க. ஹேண்ட்பிரேக் ரொம்ப மேல வருதுன்னு நாங்க சொன்னோம், அதையும் இறுக்கிக் குடுத்தாங்க.

ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை: 299 கிலோமீட்டர், 18.9 லிட்டர். 38 வெள்ளி 75 காசு.

ஆகஸ்ட் 9: 298 கிலோமீட்டர், 19.9 லிட்டர். 40 வெள்ளி 80 காசு.

20 போய் 15 ஆயிடுச்சு. வாரத்துக்கு அஞ்சு லிட்டர், பத்து வெள்ளி கூடுதல். பத்து வெள்ளி பெரிய காசா? வெளியில இல்ல. ஆனா இது கோயில் காசு. அந்த ஜூன் மாசம்தான் டீசல் 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியிருந்துச்சு, அடுத்தது பெட்ரோல்தான்னு எல்லாரும் பேசிக்கிட்டிருந்த நேரம். குரூப்ல ஒருத்தர் ரசீது படத்தைப் பார்த்துட்டு எழுதினார்: "அதே தூரம், பத்து வெள்ளி கூட. பெட்ரோல் காடிக்குள்ளதான் போகுதா?"

ஒரு வரிதான். அதுக்குக் கீழ ஒருத்தர் சிரிக்கிற முகம் போட்டார்.

இப்ப லோரி அண்ணனைப் பத்திச் சொல்லணும். எல்லாருக்கும் அவரைத் தெரியும். நாப்பது வருஷம் லோரி ஓட்டுனவர், துறைமுகத்துக்குச் சாமான் ஏத்தினவர், வயசு 67. வெள்ளிக்கிழமை முறை அவரோடது. வெள்ளிக்கிழமைதான் பெட்ரோல் போடுற நாள். அதனால எல்லா ரசீதுலயும் அவர் கையெழுத்து. மூணு நாளும் மூணு பேர் ஓட்டுன பெட்ரோலுக்கு ஒரு ரசீது, அதை வாங்குறவர் அவர். கேள்வி காடியைப் பத்தி வந்த மாதிரி இருந்தாலும் விழுந்தது அவர் மேலதான்.

மறுநாள் காலையில கோயில் அலுவலக மேசையில காடிச் சாவி இருந்துச்சு. பக்கத்துல ஒரு வருஷத்து ரசீது எல்லாம் ரப்பர் போட்டுக் கட்டி. அவர் வீட்டுக்குப் போனேன். டீ குடுத்தார், பேசல. கடைசியில மட்டும் சொன்னார்: "தம்பி, எனக்குச் சாட்சி வேணாம். நான் ஓட்டல, அவ்வளவுதான். வேற ஆளைப் பாத்துக்குங்க."

வெள்ளிக்கிழமைக்கு வேற ஆள் கிடையாது. அவர் ஓட்டலன்னா அந்த மூணு பேருக்கும் வெள்ளிக்கிழமை கிடையாது.

நான் அவர்கிட்ட ஒன்னுதான் கேட்டேன். "அண்ணே, எனக்கு நாலு வாரம் குடுங்க. அது வரைக்கும் ஓட்டுங்க. பெட்ரோலை நான் வந்து போடுறேன்." ரொம்ப நேரம் யோசிச்சு, "அந்தப் பிள்ளைங்க பாவம்" அப்படின்னு சாவியை எடுத்துக்கிட்டார். பிள்ளைங்கன்னு அவர் சொன்னது டயாலிசிஸ் போற மூணு பேரை. எல்லாருக்கும் அம்பதுக்கு மேல.

அன்னிக்கு ராத்திரி 555 புத்தகத்தை எடுத்து வெச்சு உக்காந்தேன். முதல் கேள்வி, பெட்ரோல் திருடு போச்சா, இல்ல இஞ்சின் குடிச்சுதா? இதுக்குப் பதில் புத்தகத்துலயே இருந்துச்சு.

டேஷ்போர்ட் காட்டுற சராசரி இருக்கே, அது டேங்குல எவ்வளவு இருக்குன்னு பார்த்துச் சொல்றது இல்ல. இஞ்சினுக்குள்ள எவ்வளவு பெட்ரோல் தெளிச்சோம்னு கம்ப்யூட்டர் கணக்கு வெச்சுச் சொல்றது. ரசீதுல கூட எழுதியிருந்தாலோ, டேங்குல இருந்து யாராவது எடுத்திருந்தாலோ, ரசீதுக் கணக்கு மட்டும்தான் கெடும். டேஷ்போர்ட் பழைய மாதிரிதான் காட்டும்.

சர்வீசுக்கு முன்னாடி, ஜூலை 26: ரசீதுக் கணக்கு 19.9, டேஷ்போர்ட் 20.8. டேஷ்போர்ட் எப்பவும் கொஞ்சம் கூடத்தான் சொல்லும், நிறைய காடியில அப்படித்தான். ஆகஸ்ட் 9: ரசீதுக் கணக்கு 15.0, டேஷ்போர்ட் 15.7. ரெண்டும் ஒன்னா இறங்கியிருக்கு, நடுவுல இருக்கிற இடைவெளி அதே அளவு. அப்படின்னா அந்த அஞ்சு லிட்டரும் இஞ்சின் வழியாத்தான் போயிருக்கு. யார் கையும் அதுல படல.

இதைப் படம் எடுத்துக் குரூப்ல போட்டேன். சிலருக்குப் புரிஞ்சுது. சிலர் "கம்ப்யூட்டர் சொல்றதை எப்படி நம்புறது" அப்படின்னாங்க. அதுவும் நியாயம்தான். இஞ்சின் குடிச்சுதுன்னா ஏன் குடிச்சுதுன்னு காட்டணும். காரணம் கையில கிடைக்காம பேச்சு நிக்காது.

ஃபேக்டரியில நேத்து வரைக்கும் நல்லா ஓடுன லைன்ல இன்னிக்குக் கோளாறு வந்தா நாங்க முதல்ல கேக்குறது, என்ன மாறுச்சு? ஆள் மாறுச்சா, மிஷின் மாறுச்சா, பொருள் மாறுச்சா, செய்முறை மாறுச்சா? மாறாத எதையும் முதல்ல சந்தேகப்படக் கூடாது. இன்னொரு விதி, ஒரு நேரத்துல ஒன்னைத்தான் மாத்தணும். நாலையும் ஒன்னா மாத்துனா சரியாப் போயிடலாம், ஆனா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது. நமக்குக் காரணம் தெரிஞ்சே ஆகணும்.

சர்வீஸ்ல மாறுனது ஆறு. இஞ்சின் எண்ணெய், ஏர் ஃபில்டர், சின்ன பேட்டரி, டயர், பின் பிரேக், ஹேண்ட்பிரேக். ஒவ்வொன்னா எடுத்தேன்.

ஏர் ஃபில்டர்: புதுசு. அழுக்கு ஃபில்டரே இந்தக் காலத்துக் காடியில பெட்ரோலை அதிகமாக்காதுன்னு அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009ல சோதிச்சுச் சொல்லியிருக்கு. இழுவை குறையும், பெட்ரோல் பெருசா மாறாது. புது ஃபில்டர்ல 25 சதவீதம் போக வழியில்ல.

சின்ன பேட்டரி: பேட்டரி வயரைக் கழட்டுனா கம்ப்யூட்டர் கத்துக்கிட்ட சில விஷயம் அழிஞ்சு போயிடும். கொஞ்ச நாள் ஓடுனா திரும்பக் கத்துக்கும். ரெண்டு வாரத்துல 600 கிலோமீட்டர் ஓடியாச்சு. இன்னும் அப்படியே இருக்குன்னா இது இல்ல.

இஞ்சின் எண்ணெய்: காடிப் புத்தகத்துல ஸீரோ டபிள்யூ 20ன்னு இருக்கு, ரொம்ப மெலிசான எண்ணெய். ரசீதுல 10 டபிள்யூ 40. கெட்டி எண்ணெய். குரூப்ல நம்ம தம்பிமார் ரெண்டு பேர் "அண்ணே, எண்ணெய்தான்" அப்படின்னு அடிச்சுச் சொன்னாங்க. ஹைப்ரிட் இஞ்சின் அடிக்கடி அணைஞ்சு அடிக்கடி எழும்புறது, அதுக்கு மெலிசு எண்ணெய்தான் சரி. ஆனா அளவு பாருங்க. சரியான தரத்தை விட ஒரு படி கெட்டி எண்ணெய் போட்டா ஒன்னு ரெண்டு சதவீதம் போகும்னு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லுது. இது ஒரு படிக்கு மேலன்னாலும் 25 வரைக்கும் எட்டாது. புது எண்ணெயைக் கொட்டிட்டு வேற ஊத்துனா காசு வீண். கடைசிக்கு வெச்சேன்.

டயர்: ஆகஸ்ட் 11, ஞாயிறு காலையில காடி ஓடாம குளிர்ச்சியா இருக்கும்போது காத்து அளந்தேன். நாலும் 26, 27. ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல 33. டயரைக் கழட்டி மாட்டுனப்ப யாரோ பொதுவான அளவுக்கு வெச்சிருக்காங்க. 33க்கு நிரப்புனேன். ஒரு பி.எஸ்.ஐ. குறைஞ்சா பெட்ரோல் 0.2 சதவீதம் பாதிக்கும்னு அதே துறை சொல்றதை வெச்சுப் பார்த்தா ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல வரணும். ஆகஸ்ட் 16: 300 கிலோமீட்டர், 19.5 லிட்டர். 15.4. சொன்ன மாதிரி கொஞ்சம் ஏறுச்சு. ஆனா இதுவும் இல்ல.

அந்த வாரம் இன்னொரு அன்பர், "ஹைப்ரிட் பேட்டரி போயிருக்கும், மாத்தணும்னா ஆயிரக்கணக்குல வரும், காடியை வித்துடலாம்" அப்படின்னார். பின் சீட்டு ஓரத்துல ஒரு சின்ன ஜன்னல் மாதிரி துவாரம் இருக்கும், பார்த்திருப்பீங்க. அது வழியாத்தான் பெரிய பேட்டரிக்குக் காத்து போகும். அது அடைச்சா பேட்டரி சூடாகும், சூடானா கம்ப்யூட்டர் பேட்டரியைக் குறைவாப் பயன்படுத்தும், இஞ்சின் கூட ஓடும். போய்ப் பார்த்தேன். டயாலிசிஸ் மையத்துல குளிரும்னு அக்கா ஒரு போர்வை கொண்டு வருவாங்க. அதைச் சரியா அந்தத் துவாரத்து மேலதான் வெச்சிருந்தாங்க. ஆனா அந்தப் போர்வை சர்வீசுக்கு முன்னாடியும் அங்கதான் இருந்துச்சு, அப்ப 20 வந்துச்சு. இருந்தாலும் தூசியை எடுத்தோம், போர்வைக்கு ஒரு பை வாங்கி முன்னாடி வெச்சோம். ஆகஸ்ட் 23: 297 கிலோமீட்டர், 19.4 லிட்டர். 15.3. இல்ல.

அன்னிக்கு சாயங்காலம் நான்தான் லோரி அண்ணன் கூடப் போய் பெட்ரோல் போட்டேன். பின்னாடி அக்கா மட்டும் இருந்தாங்க. போர்வைப் பையைக் குடுக்கும்போது சும்மா கேட்டேன், "பின்னாடி உக்கார்றதுக்கு வசதியா இருக்கா அக்கா?" கொஞ்சம் தயங்கி, "ஒன்னும் இல்ல தம்பி, கொஞ்ச நாளா காடி நின்ன உடனே ஏதோ கருகுற வாடை வரும், அவ்வளவுதான்" அப்படின்னாங்க.

"எத்தனை நாளா அக்கா?"

"மூணு நாலு வாரம் இருக்கும்."

ஏன் சொல்லலன்னு கேட்டேன். அவங்க சொன்னதை அப்படியே எழுதுறேன்: "இனாமா வர்ற காடி. குறை சொன்னா நிப்பாட்டிடுவீங்களோன்னு பயம்."

நான் ஒன்னும் பேசல. லோரி அண்ணன் கண்ணாடியில பின்னாடி பார்த்து, "நான் இருக்கிற வரைக்கும் நிப்பாட்ட மாட்டோம்மா" அப்படின்னார். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி சாவியை மேசையில வெச்ச மனுஷன்.

கருகுற வாடைன்னா பிரேக். ஆறு பட்டியல்ல மிச்சம் இருந்ததும் அதுதான்.

மறுநாள் சனிக்கிழமை, ஃபேக்டரியில மோட்டார் பேரிங் சூடு பார்க்கிற தெர்மாமீட்டரை அனுமதி வாங்கி எடுத்துட்டு வந்தேன். தொடாமலே தூரத்துல இருந்து சூடு காட்டுறது. லோரி அண்ணன் ஓட்டுனார். 20 கிலோமீட்டர், முடிஞ்ச வரைக்கும் பிரேக்கை மிதிக்காம. கோயில் வாசல்ல நின்ன உடனே நாலு சக்கரத்தையும் அளந்தோம். முன்னாடி ரெண்டும் 58, 60 டிகிரி. பின்னாடி 96, 104.

இது ஏன் தப்புன்னு சொல்றேன். எந்தக் காடியிலயும் முன் பிரேக்தான் அதிகம் வேலை செய்யும், அதனால அதுதான் அதிகம் சூடாகணும். அதுலயும் ஹைப்ரிட்ல நாம காலை எடுத்தாலோ மெதுவா பிரேக் பிடிச்சாலோ, முதல்ல மோட்டார்தான் காடியை இழுத்துப் பிடிக்கும். சக்கரம் சுத்துற வேகத்தைக் கரண்டா மாத்திப் பேட்டரிக்கு அனுப்பும். பிரேக் கட்டைக்கு வேலை குறைவு. பிரேக்கே மிதிக்காம ஓட்டுன காடியில பின் சக்கரம் நூறு டிகிரியைத் தொடுதுன்னா அங்க ஏதோ எந்நேரமும் உரசிக்கிட்டிருக்கு.

காடி ஆறுனதுக்கு அப்புறம் முழுசா அணைச்சோம். இதைக் கவனமா செய்யுங்க. ஹைப்ரிட் அமைதியா நிக்குறதை வெச்சு அணைஞ்சிருக்குன்னு நினைக்கக் கூடாது, இஞ்சின் தானா எழும்பும். முன் சக்கரத்துக்குக் கட்டை வெச்சு, பின்பக்கம் ஜேக் போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வெச்சு, ஹேண்ட்பிரேக்கை முழுசா இறக்கிட்டு சக்கரத்தைக் கையால சுத்துனோம். கால் சுத்து கூடப் போகல, நின்னுடுச்சு. இன்னொரு பக்கம் அதை விட மோசம்.

ஜப்பான்காரங்க ஃபேக்டரி வேலைக்கு ஒரு வழி சொல்லிக் குடுத்திருக்காங்க, தொயோட்டாவுல தைச்சி ஓனோ அதைப் பெருசாக் கொண்டு வந்தார். ஏன்னு அஞ்சு தடவை கேக்கணும். ஏன் பெட்ரோல் கூட? இஞ்சின் அதிக நேரம் ஓடுது. ஏன்? பேட்டரி நிறையல, காடியும் இழுக்குது. ஏன்? பின் சக்கரம் பிடிச்சுக்கிட்டிருக்கு. ஏன்? பிரேக் கட்டை டிரம்ல உரசுது. ஏன்? ஹேண்ட்பிரேக் கேபிள் அளவுக்கு மேல இறுக்கியிருக்கு, நெம்பை முழுசா இறக்கினாலும் கேபிள் விடல.

ஹேண்ட்பிரேக் மேல வருதுன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். கேபிள் தளர்ந்திருக்கலாம், இல்ல டிரம்முக்குள்ள கட்டை தேய்ஞ்சு இடைவெளி கூடியிருக்கலாம். முறை என்னன்னா முதல்ல டிரம்முக்குள்ள இடைவெளியைச் சரி பண்ணணும், அப்புறம்தான் கேபிள். கேபிளை மட்டும் இறுக்குனா நெம்பு நல்லாத்தான் நிக்கும், ஆனா சக்கரம் எப்பவும் பாதிப் பிரேக்கோட ஓடும்.

சாதாரண காடியா இருந்தா இழுவை குறையும், ஓட்டுறவருக்கு உடனே தெரியும். ஹைப்ரிட்ல மோட்டார் அமைதியா உதவி செஞ்சு அந்தச் சுமையை மறைச்சிடும். அது மட்டும் இல்ல, இதுல நஷ்டம் ரெண்டு பக்கம். ஓடும்போது பிரேக்கை எதிர்த்து ஓடப் பெட்ரோல் வேணும். காலை எடுக்கும்போது பேட்டரிக்குப் போக வேண்டிய சக்தியும் டிரம்ல சூடாப் போயிடும். ஓட்டைக் குடத்துல தண்ணி சுமந்த கதைதான். டேஷ்போர்ட்ல ஒரு விளக்கும் எரியல. நெம்பு இறங்கியிருக்கா இல்லையான்னுதான் அந்த விளக்குக்குத் தெரியும், கட்டை உரசுறது தெரியாது.

அதே சனிக்கிழமை மத்தியானம் பட்டறைக்குப் போனோம். முதலாளி சீனர், வயசானவர். சூடு எழுதுன தாளைக் காட்டுனேன், சக்கரத்தைச் சுத்திக் காட்டுனேன். ஒரு வார்த்தை வாதம் பண்ணல. ரெண்டு டிரம்மையும் கழட்டச் சொன்னார். கட்டை ஓரத்துல கருகிப் பளபளன்னு இருந்துச்சு. இடைவெளியை முறையா வெச்சு, கேபிளைத் தளர்த்தி, திரும்ப அளவா இறுக்கி, கட்டையும் புதுசு மாத்திக் குடுத்தார். காசு வாங்கல. "கோயில் காடி, ஆளுங்க ஏர்ற காடி" அப்படின்னு மலாய்ல அவர் ஆளுங்ககிட்டச் சொன்னார். திரும்பி வந்து அளந்தப்ப பின் சக்கரம் 44, 46 டிகிரி.

ஆகஸ்ட் 30: 302 கிலோமீட்டர், 15.3 லிட்டர். 19.7.

செப்டம்பர் 6: 300 கிலோமீட்டர், 15.0 லிட்டர். 20.0.

அடுத்த சர்வீஸ்ல ஸீரோ டபிள்யூ 20 எண்ணெய் போட்டோம். 20.3 வந்துச்சு. அளக்கிறதுலயே அந்த அளவு முன்ன பின்ன வரும், அதனால எண்ணெயால ஏறுச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இஞ்சினுக்கு அதுதான் சரி.

எல்லா எண்ணும் ஒரு தாள்ல எழுதி, செயற்குழுக் கூட்டத்துல செயலாளர் வாசிச்சார். கணக்கு ஏத்துக்கிட்டாங்க. லோரி அண்ணன் அன்னிக்கு வரல, வெள்ளிக்கிழமை முறையில இருந்தார்.

அவர் இன்னிக்கும் ஓட்டுறார். ஆனா பெட்ரோல் மட்டும் போட மாட்டார். ஸ்டேஷன்ல நிப்பாட்டி எனக்கோ வேற ஒருத்தருக்கோ போன் பண்ணுவார், நாங்க போய்ப் போடணும். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துட்டேன், "கணக்கு சரியாப் போச்சுதே அண்ணே" அப்படின்னு. "காடி சரியாப் போச்சு தம்பி" அப்படின்னார். அதுக்கு மேல நான் கேக்கல.

இதனாலதான் இந்தப் பதிவு. கோயில் காசைக் கேள்வி கேக்கிறது தப்பே இல்ல. கேக்கணும். கேக்காத கோயில்ல கணக்கு கெட்டுப் போகும். ஆனா கேள்வியைப் புத்தகத்துகிட்டக் கேளுங்க, பொருளாளர்கிட்டக் கேளுங்க, என்கிட்டக் கேளுங்க. நூத்தி எம்பது பேர் படிக்கிற குரூப்ல ஒரு வரி போட்டா அது ஒரு ஆள் மேலதான் போய் விழும். அந்தப் புத்தகம் அன்னிக்கும் காடியிலதான் இருந்துச்சு, யார் வேணும்னாலும் திறந்து பார்த்திருக்கலாம்.

இன்னொன்னு, அந்த அக்கா சொன்னது. சேவை வாங்குறவங்க குறை சொல்லப் பயந்தா, அது நம்ம சேவையில இருக்கிற ஓட்டை. நூறு டிகிரி பிரேக்கோட மூணு நோயாளியை ஒரு மாசம் கூட்டிட்டுப் போயிருக்கோம். இப்ப ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஓட்டுறவர் பின்னாடி இருக்கிறவங்ககிட்ட, "காடி எப்படி இருக்கு, சத்தம், வாடை ஏதும் உண்டா?" அப்படின்னு கேட்டுப் புத்தகத்துல எழுதணும். அதுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கோம்.

உங்க வீட்டு ஹைப்ரிட்டும் சர்வீஸ் முடிஞ்சு திடீர்னு பெட்ரோல் குடிச்சா, இந்த வரிசையில பாருங்க:

1. டேஷ்போர்டை மட்டும் நம்பாம, முழு டேங்க் போட்டு ரெண்டு வாரமாவது லிட்டர், கிலோமீட்டர் கணக்கு எடுங்க. ரெண்டும் ஒன்னா இறங்குதான்னு பாருங்க.

2. சர்வீஸ் ரசீதை எடுத்து என்னென்ன மாறுச்சுன்னு எழுதுங்க.

3. காலையில குளிர்ச்சியா இருக்கும்போது டயர் காத்து, கதவு ஸ்டிக்கர் அளவுக்கு.

4. பின் சீட்டுப் பக்கத்துத் துவாரத்துல போர்வை, பை எதுவும் வைக்காதீங்க.

5. ஓட்டி வந்து நின்ன உடனே சக்கரத்துக்குப் பக்கத்துல கையைக் கொண்டு போங்க, தொடாதீங்க. ஒன்னு மட்டும், இல்ல பின்னாடி ரெண்டும் அனலடிச்சா அன்னிக்கே பட்டறைக்குப் போங்க. பெட்ரோல் காசு அப்புறம், பிரேக் முதல்ல.

6. எண்ணெய் தரம் காடிப் புத்தகத்துல உள்ளபடி. பட்டறைக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் காட்டுங்க.

7. ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதீங்க, அது பெரிய பேட்டரிக் கரண்டு. உயிருக்கு ஆபத்து.

கடைசியா ஒரு வேண்டுகோள். புதன்கிழமை முறைக்கு ஆள் குறைவு. காலை அஞ்சரைக்கு மாசாய்ல இருந்து கிளம்பணும், பத்தரைக்குத் திரும்பக் கூட்டி வரணும். லைசென்ஸ் இருந்தா போதும், காடி ஓட்டுறதுக்கு லோரி அண்ணன் சொல்லிக் குடுப்பார். 555 புத்தகம் எழுத நான் சொல்லிக் குடுக்கிறேன். விருப்பம் உள்ளவங்க வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு அலுவலகத்துல என்னைப் பாருங்க.

அம்பாள் துணை.